அழிறப்பர் இல்லாத கணக்குப் புத்தகம்

வியாபாரிகள் நாம் ஒருவரையொருவர் சந்தித்தால் டொலர் விலை, வற் வரி, திரும்பி வந்த காசோலை என்று பேசுவதற்கு எத்தனையோ விடயங்கள் இருக்கின்றன. ஆனால் "உங்கள் கடைக் கணனியில் எழுதிய கணக்கை யார் யார் திருத்தலாம்?" என்று எவரும் எவரிடமும் கேட்பதில்லை. 2022ஆம் ஆண்டு வரை நானும் கேட்டதில்லை. முன்பே கேட்டிருந்தால் ஒரு ஏழைப் பொடியனின் மனதை நோகடித்த பாவம் என் தலையில் விழுந்திருக்காது. வெட்கமாக இருந்தாலும் அந்தச் சம்பவத்தை எழுதத்தான் வேண்டும். நம்மவர்கள் பலரின் கடைகளில் இதே வியாதி வெளியே தெரியாமல் இருக்கிறது.

அது 2022 மார்ச் மாதக் கடைசி. நோன்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் மாற்று வீதத்தைத் தளர்த்தியதோடு, 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 300 ரூபாவை நெருங்கிவிட்டது. ஹாட்வெயார் வியாபாரத்தில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அந்தக் குழப்பத்துக்குள் எங்கள் பழைய வாடிக்கையாளரான சிங்களக் கொந்தராத்துக்காரர் ஒருவர் தன் கடனைத் தீர்க்க வந்தார். என் வாப்பாவின் காலத்திலிருந்து எங்களிடம் சாமான் வாங்குபவர். கையில் இருந்த பில்களை மேசையில் அடுக்கி, "நானா, கூட்டிப் பாருங்கள்" என்றார். கூட்டினால் 3 இலட்சத்து 86 ஆயிரத்து 400 ரூபா. கணனித் திரையில் அவருடைய கடன் 4 இலட்சத்து 12 ஆயிரத்து 650 ரூபா. வித்தியாசம் 26,250 ரூபா.

கணனி பிழை விடாது என்பதுதான் அப்போது என் நம்பிக்கை. ஆகவே திரையில் உள்ளதுதான் சரி, பில்லில்தான் ஏதோ விளையாட்டு என்று முடிவு செய்துவிட்டேன். பில் எழுதுபவன் நான்கு வருடமாக எங்களிடம் இருக்கும் பொடியன். குறைந்த விலையில் பில் அடித்துக் கொடுத்துவிட்டு, கொந்தராத்துக்காரரிடம் சந்தோசம் வாங்கியிருப்பானோ என்று ஷைத்தான் என் காதில் ஊதினான். நாலு பேர் பார்க்க அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"முதலாளி, நான் ஒண்டும் மாத்தல்ல" என்றான்.

"நீ மாத்தல்லண்டா பிறகு யாரு மாத்தின?" என்று கேட்டேன்.

அவனிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? கணனியைக் கேட்டேன், அதனிடமும் பதில் இல்லை. யார் மாற்றியது, எப்போது மாற்றியது, முன்பு என்ன இருந்தது என்ற எந்தத் தடயத்தையும் அந்த மென்பொருள் வைத்திருக்கவில்லை. கொந்தராத்துக்காரர் மட்டும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: "நானா, உங்கள் மெஷின் சொல்வது சரியென்றால், என் கையில் இருக்கும் இந்தப் பில்லை அச்சடித்தது எந்த மெஷின்?"

அடுத்த நாள் பொடியன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் என் மருமகன் வேறு நான்கு கடன்காரர்களின் பில் பிரதிகளை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூவருடைய கணக்கிலும் வித்தியாசம். மூவரும் பீ.வீ.சி. குழாய் வாங்கியவர்கள். குழாய் வாங்காத நான்காமவரின் கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பில்களில் ஒன்று, பொடியன் லீவில் இருந்த நாளில் மருமகனே எழுதியது! மென்பொருள் எழுதிய தம்பியைக் கூப்பிட்டுக் காட்டியதும் பத்து நிமிடத்தில் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. பில்லைப் பதியும்போது மென்பொருள் சாமானின் இலக்கத்தையும் எண்ணிக்கையையும் மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறது, விலையை எழுதவில்லை. யாராவது கடனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், விலைப்பட்டியலில் அன்றிருக்கும் விலையை எடுத்துப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. கொந்தராத்துக்காரர் வாங்கியது 175 குழாய்கள். அவர் வருவதற்கு முதல் நாள் காலை குழாயின் விலை 150 ரூபா கூடியது. 175ஐ 150ஆல் பெருக்கினால் 26,250.

விலைப்பட்டியலில் கை வைத்தவன் யார்? நான்தான். அதற்கு முன்னர் விலை கூடினால் புதுச் சரக்குக்குப் புது இலக்கம் போடுவோம். அன்று அவசரத்தில் பழைய இலக்கத்திலேயே விலையை மாற்றிவிட்டேன். எப்போதோ விற்று முடிந்த சாமானின் விலையும் அதோடு சேர்ந்து மாறிவிட்டது. கணக்கைக் குழப்பியவன் முதலாளி. பழி சுமந்தவன் பொடியன்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மருமகனையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மாவுக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கொந்தராத்துக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பில்லில் இருந்த தொகையைத் தந்தார். ஆனால் அந்த 26,250 ரூபாவை அவர் மறுபேச்சில்லாமல் கட்டியிருந்தால்? அறியாமல் என்றாலும் ஹராமான காசு என் பெட்டிக்குள் வந்திருக்கும். "முஸ்லிம் கடையில் ஏமாற்றுகிறார்கள்" என்ற பேச்சும் ஊருக்குள் போயிருக்கும். இன்றைய சூழ்நிலையில் அந்தப் பேச்சு ஒரு கடையோடு நிற்காது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

வாப்பாவின் சீ.ஆர். கொப்பி

அந்த நாட்களில் வாப்பாவின் கணக்குப் புத்தகம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஆனால் அவருடைய சீ.ஆர். கொப்பிக்குச் சில சட்டங்கள் இருந்தன. பென்சிலால் எழுதக்கூடாது, பேனைதான். பக்கங்களுக்கு இலக்கம் போடப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்தால் உடனே தெரிந்துவிடும். பிழையாக எழுதினால் அழிக்கக்கூடாது. பழைய தொகை வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான தொகையை எழுதி ஒப்பமிட வேண்டும். மேசையில் அழிறப்பர் கிடந்தால் அவருக்குக் கோபம் வரும்.

கணக்கியல் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான தன் நூலில், லூக்கா பாச்சியோலி என்ற துறவி அந்த நகரத்து வியாபாரிகள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடத்தில் எழுதப்பட வேண்டும். இரு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். பிழை தானாகவே வெளியே தெரிவதற்காக ஏற்பட்ட விதி அது.

கணனி வந்ததும் நாம் கொப்பியைக் கைவிட்டோம். அதோடு கொப்பியின் சட்டங்களையும் கைவிட்டுவிட்டோம். தாளில் அழித்தால் தழும்பு இருக்கும். கணனியில் ஒரு தொகையை அழித்து இன்னொன்றை அடித்தால், பழையது இருந்த சுவடே இருக்காது. தழும்பு இருக்க வேண்டுமென்றால் அதை நாம் சொல்லிச் செய்விக்க வேண்டும்.

தரவுத்தளம் என்றால் என்ன?

இன்று கடையிலும் வங்கியிலும் ஓடும் கணக்கு மென்பொருள்களில் பெரும்பாலானவை அட்டவணைகளாகத்தான் விபரங்களை வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, சாமான்களுக்கு ஒன்று, பில்களுக்கு ஒன்று, வந்த காசுக்கு ஒன்று. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் எட்கர் கொட் என்ற ஆங்கிலேயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்தபோது 1970ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இது தொடங்குகிறது. இந்த அட்டவணைகளின் தொகுதியைத்தான் தரவுத்தளம் என்கிறோம். அதில் ஒரு விபரத்தைச் சேர்க்கவோ, மாற்றவோ, நீக்கவோ யாராவது முயன்றால், எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது, எதைக் குறித்து வைப்பது என்று முன்கூட்டியே விதி எழுதி வைக்கலாம். அந்த விதிகளை மென்பொருள் தம்பி எங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். நான் விளங்கிக்கொண்ட பாஷையில் அவற்றைத் தருகிறேன்.

முதலாவது, வாசல் விதி. தவறான விபரம் உள்ளே வராமல் வாசலிலேயே நிறுத்துவது. எண்ணிக்கை பூச்சியமாகவோ அதற்குக் குறைவாகவோ இருக்கக்கூடாது. பில்லின் திகதி நாளைய திகதியாக இருக்கக்கூடாது. கழிவு நாம் வைத்த எல்லையைத் தாண்டக்கூடாது. கடன் பில் என்றால் வாடிக்கையாளரின் பெயர் வெறுமையாக இருக்கக்கூடாது. கடன் வாங்குபவரின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பதிகிறோம் அல்லவா? பழைய அட்டையென்றால் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தில் அவர் பிறந்த நாளைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கங்கள் 1க்கும் 366க்கும் இடையில், அல்லது 501க்கும் 866க்கும் இடையில்தான் இருக்க முடியும். 400 என்று வந்தால் எங்கோ அடித்ததில் பிழை. வாடிக்கையாளர் கடையை விட்டுப் போவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடலாம்.

சிறிய கடைகள் பலவற்றில் பாவிக்கப்படும் மைக்ரோசொப்ட் அக்சஸ் மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விதியையும், விதி மீறப்பட்டால் திரையில் வரவேண்டிய வாசகத்தையும் எழுதி வைக்கலாம். அந்த வாசகத்தை நம் பொடியன்களுக்கு விளங்கும் விதத்தில் எழுதுங்கள். "பிழை" என்று மட்டும் வந்தால் அவன் என்ன செய்வான்? "கழிவு 5 வீதத்துக்கு மேல் கொடுக்க முதலாளியிடம் கேட்கவும்" என்று வந்தால் அவனுக்கு வழி தெரியும்.

இரண்டாவது, தொடர்பு விதி. எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் ஐந்து பேர், ஆறு பேர் இருப்பார்கள். பெயரை நம்பிக் கடன் எழுதினால் ஒருவரின் கடன் மற்றவரின் தலையில் ஏறும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம். ஒரே இலக்கம் இரண்டு பேருக்குக் கொடுபடாது. பட்டியலில் இல்லாத இலக்கத்துக்குப் பில் போட முடியாது. பில் இருக்கும் வாடிக்கையாளரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் ஆள் இல்லாத கடன்கள் அநாதையாகக் கிடக்கும்.

மூன்றாவது, முழுமை விதி. ஒரு கடன் பில் போட்டால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: பில் பதியப்பட வேண்டும், இருப்புக் குறைய வேண்டும், கடன் கூட வேண்டும். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பில் பதிந்து, இருப்புக் குறைந்து, கடன் கூடுவதற்கு முன் கரண்ட் போனால் என்னாகும்? சாமான் போய்விட்டது, கடன் எழுதப்படவில்லை. மூன்றும் நடந்தால் ஏற்றுக்கொள், ஒன்று தவறினாலும் மூன்றையும் நடக்காததாக்கு என்று தரவுத்தளத்துக்குச் சொல்லி வைக்கலாம். வங்கிகளில் ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் கூட்டுவதும் இந்த ஏற்பாட்டில்தான்.

நான்காவது, திருத்த விதி. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். அச்சடித்துக் கொடுத்த பில்லை எவரும் தொட முடியாது. பிழையென்றால், திரும்பிய சரக்குக்கு எழுதுவதுபோல, பழையதைக் கழிக்கும் ஒரு பதிவை எழுதிவிட்டுப் புதுப் பில் போட வேண்டும். வாப்பா கோடு போட்டு ஒப்பமிட்டதும் இந்த வேலைதான். மாற்றக்கூடிய விபரங்களில், உதாரணமாக விலைப்பட்டியலில், யாராவது கை வைத்தால், யார், எப்போது, பழைய விலை என்ன, புதிய விலை என்ன என்ற நான்கையும் தரவுத்தளம் தானாகவே தனி அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும். ஒரு மாற்றம் பதியப்படுவதற்குச் சற்று முன்பாகவோ, பதியப்பட்ட உடனேயோ தானாக ஓடும் இத்தகைய கட்டளைகளை அட்டவணையிலேயே கட்டி வைக்கலாம். அக்சஸ் மென்பொருளில் இந்த வசதி 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இருக்கிறது. பெரிய தரவுத்தளங்களில் அதற்கு முன்பே இருந்தது.

ஐந்தாவது, திகதி விதி. விலையும் வரியும் எந்தத் திகதியிலிருந்து என்ற விபரத்தோடு எழுதப்பட வேண்டும். வற் வரியைப் பாருங்கள். 2022 ஜூன் 1ஆம் திகதி 8 வீதத்திலிருந்து 12 வீதமானது. அதே வருடம் செப்டம்பர் 1ஆம் திகதி 15 வீதமானது. 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 வீதமானது. இருபது மாதத்துக்குள் மூன்று மாற்றம். மென்பொருளில் வரி வீதத்துக்கு ஒரேயொரு கட்டம் மட்டும் வைத்து, ஒவ்வொரு முறையும் அதை அழித்து எழுதினால், 2022 மே மாத விற்பனைக்கு 2024இல் அறிக்கை எடுக்கும்போது 18 வீதம் காட்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீதமும் திகதியும் சோடியாக இருக்க வேண்டும். பில்லில் விதிக்கப்பட்ட வரித்தொகை பில்லோடேயே பதிந்திருக்க வேண்டும்.

ஆறாவது, அதிகார விதி. பில் எழுதுபவர் விலையை மாற்ற முடியாது. விலையை மாற்றுபவர் தடயப் பதிவில் கை வைக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். கடை முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்து, அதையும் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தால், மேலே சொன்ன விதிகளில் "யார்" என்ற கேள்விக்கு என்றைக்கும் பதில் கிடைக்காது. எங்கள் கடையிலும் அப்படித்தான் ஒட்டியிருந்தது.

விதி எங்கே இருக்க வேண்டும்?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில மென்பொருள்களில் விதி பில் போடும் திரையில் மட்டும் இருக்கும், அட்டவணையில் இருக்காது. திரை வழியாகப் பிழை வராது. ஆனால் எக்செல் கோப்பிலிருந்து ஐந்நூறு சாமான்களை ஒரேயடியாக உள்ளே கொட்டும்போதோ, யாராவது அட்டவணையை நேரே திறக்கும்போதோ விதி வேலை செய்யாது. முன் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின் கதவைத் திறந்து வைத்த கதைதான். முக்கியமான விதிகள் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். திரையில் இருப்பது பொடியன்களின் வசதிக்கு.

எழுதிய விதி உண்மையில் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலகமெங்கும் பாவிக்கப்படும் மைஎஸ்கியூஎல் என்ற இலவசத் தரவுத்தளத்தில், தொகை இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற சரிபார்ப்பு விதிகளைப் பல வருடங்களாக எழுத முடிந்தது. அது மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அவற்றை நடைமுறைப்படுத்தாது! 2019ஆம் ஆண்டு வந்த 8.0.16 பதிப்பில்தான் அந்த விதிகள் உண்மையாக அமுலுக்கு வந்தன. அதற்கு முன் விதி எழுதிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் எத்தனை பேரோ! ஆகவே மென்பொருள்காரர் "எல்லாம் போட்டிருக்கிறது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அவருக்கு முன்னாலேயே பிழையாக அடித்துப் பாருங்கள். எண்ணிக்கைக்குக் கழித்தல் ஐந்து என்று அடியுங்கள். கடன் உள்ளவரை நீக்கிப் பாருங்கள். நேற்றைய பில்லைத் திருத்திப் பாருங்கள். ஒரு விலையை மாற்றிவிட்டுப் பழைய பில்லை மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை நான் ஆரம்பத்திலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

விதிகள் கூடினாலும் ஆபத்து

பட்ட சூட்டில் நான் மறுபக்கமும் போய்விட்டேன். அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இல்லாமல் எந்தப் பில்லும் போட முடியாது என்று விதி வைத்தேன். இரண்டு கிலோ ஆணி வாங்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டால் அவர் அடுத்த கடைக்குப் போகமாட்டாரா? பொடியன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடையாள அட்டைக்கு யாரோ ஒருவருடைய இலக்கத்தையே எல்லோருக்கும் அடித்தார்கள். தொலைபேசிக்கு ஏழு ஏழாக அடித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பட்டியல் முழுவதும் பொய். விதியை நானே வைத்து, பொய் எழுதவும் நானே பழக்கிவிட்டேன். வெறுமையான கட்டத்தைப் பார்த்தால் விபரம் இல்லை என்றாவது தெரியும். பொய் நிரப்பிய கட்டம் அதையும் மறைத்துவிடும். பிறகு அந்த விதியைக் கடன் பில்லுக்கு மட்டும் என்று சுருக்கினோம். ஒரு விதியை வைப்பதற்கு முன், கவுண்டரில் நிற்பவரால் உண்மையைச் சொல்லியே அதை நிறைவேற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த விதி வேண்டாம்.

எழுதச் சொன்ன மார்க்கம்

குர்ஆனில் மிக நீளமான வசனம் சூறா அல்பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். தவணை குறித்த கடனை எழுத வேண்டும். எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும். சாட்சி வைக்க வேண்டும். சிறிதோ பெரிதோ எழுதுவதற்குச் சலிக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதன் விளக்கத்தை மறுபடி வாசித்தபோது இரண்டு விடயங்கள் என் மனதைத் தைத்தன.

ஒன்று, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர் என்பது. கடன் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வதற்கு அங்கே இடமில்லை. கொந்தராத்துக்காரரின் கையில் இருந்த பில்லை விட என் திரையை நான் பெரிதாக நினைத்தது எவ்வளவு பெரிய பிழை! இப்போது மாதக் கடைசியில் ஒவ்வொரு கடன்காரருக்கும் அவருடைய கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர் சரியென்று பதில் போட்டால் அதையும் திகதியோடு பதிகிறோம்.

மற்றது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பது. என் கடையில் எழுதுபவன் அந்தப் பொடியன். அவனுக்குத் தீங்கு செய்தவன் நான். தடயப் பதிவு இருந்திருந்தால் அவன் வாய் திறக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அது அவனுக்காகப் பேசியிருக்கும். இத்தகைய விதிகளை வைத்தால் வேலையாட்களை நம்பாதது போல ஆகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விதி இல்லாத கடையில் நேர்மையானவன் தன் நேர்மையை எதைக் காட்டி நிரூபிப்பான்?

ஸகாத்தையும் மறந்துவிடக்கூடாது. வரவேண்டிய நல்ல கடன்களையும் சேர்த்து நூற்றுக்கு இரண்டரை வீதம் கணக்குப் பார்ப்பது என் வழக்கம். கடன் பட்டியலே பிழையென்றால் ஏழைகளின் ஹக்கை எந்தத் தொகையின் மீது கணக்கிடுவது? சட்டப் பக்கத்தையும் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கு அங்கீகாரம் தந்திருக்கிறது. ஆனால் ஒரு வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய முதல் கேள்வி, இதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்தானே என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் நம் கையில் இருக்க வேண்டும்.

புது ஏற்பாடு முடிந்து எல்லோருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்த அன்று, அந்தப் பொடியன் மெதுவாக ஒரு கேள்வி கேட்டான்: "முதலாளி, நீங்க மாத்தினா உங்கட பேரும் விழுமா?"

"விழும்" என்றேன்.

அப்படித்தான் விழுகிறது. மாதக் கடைசியில் அந்தத் தடயப் பட்டியலை அச்சடித்து, மருமகனும் அவனும் நானும் ஒன்றாக இருந்து பார்க்கிறோம். அதிகமாக இருப்பது என்னுடைய பெயர்தான். முதலாளிக்கு மட்டும் ஓர் அழிறப்பர் தனியாக வேண்டும் என்று கேட்கும் சகோதரர்களுக்கு நான் சொல்வது, எங்கள் கடையில் கணக்கைக் குழப்பிய கை முதலாளியின் கை என்பதுதான். நாளை நாம் மௌத்தானால் நம் பிள்ளைகளின் கையில் போய்ச் சேர்வது இந்தக் கணக்குத்தான். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை அவர்கள் இதை நம்பித்தான் தீர்க்கப் போகிறார்கள். அந்த அமானிதத்தை ஒழுங்காக விட்டுச் செல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.

இந்த வாரமே உங்கள் மென்பொருள்காரரைக் கடைக்குக் கூப்பிடுங்கள். தேநீர் கொடுத்துவிட்டு, ஒரு சாமானின் விலையை மாற்றிப் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.